ஆகத்தாவின் நகரில் ஆறு நாட்கள்

முதல் நாள், பிப்ரவரி 2

விமானம் தாழ்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது நகரமன்று, எட்னா. 3,300 மீட்டருக்கும் உயர்ந்த அந்த எரிமலையின் மேற்பாதி பனியால் வெளுத்திருக்க, உச்சியிலிருந்து மெல்லிய புகை கடல்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. சிசிலித் தீவின் கிழக்குக் கரையிலுள்ள கத்தானியா இந்த மலையின் காலடியில், மலை கக்கிய கல்லைக் கொண்டே எழுந்த ஊர். தெருவில் பாவியிருப்பதும் பழைய வீடுகளின் சுவரில் தெரிவதும் அந்தக் கரிய கல்தான். இப்படியொரு மலையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்கும் ஊர் ஒரு பாதுகாவலியைத் தேடியதில் வியப்பில்லை. அந்த இடத்தில் புனித ஆகத்தா என்னும் ஓர் இளம்பெண்ணை, அதுவும் மார்பு அறுக்கப்பட்டுச் சிறையில் இறந்தவளை, இவ்வூர் ஏன் வைத்தது என்பதே நான் தூத்துக்குடியிலிருந்து சுமந்துவந்த கேள்வி.

கேள்வி என்னுடையதன்று, என் பெரியம்மாவுடையது. அவருடைய ஞானஸ்நானப் பெயர் ஆகத்தம்மாள். ஏழு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இடது மார்பகத்தை அறுவை செய்து நீக்கினார்கள். கட்டி தட்டுப்பட்டதிலிருந்து மருத்துவரிடம் போனது வரை எட்டு மாதம் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. உடன்பிறந்த தங்கையான என் அம்மாவிடம்கூட, தோள்பட்டை வலி என்றே சொல்லிவந்தார். எந்த இடத்தில் நோய் என்பதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. நான் புறப்பட்டபோது, "என் பேர்கொண்ட புனிதைகிட்ட எனக்காக ஒரு திரி ஏத்திட்டு வாம்மா" என்றார். பிப்ரவரி 5 அவருடைய நாமவிழா, அந்தப் புனிதையின் திருநாள்.

இரண்டாம் நாள், பிப்ரவரி 3

திருவிழா இன்று நண்பகலில் மெழுகுக் காணிக்கைப் பவனியோடு தொடங்கிற்று. புனிதை தணலில் வாட்டப்பட்டதாகக் கருதப்படும் இடத்தில் நிற்கும் 'உலைக்களத்தின் புனித ஆகத்தா' ஆலயத்திலிருந்து பேராலயம் வரை, நகரத் தலைவர் பழங்காலக் குதிரை வண்டியில் வர, குருக்களும் சபைகளும் மெழுகுதிரிகளோடு நடந்தார்கள். என் கண்கள் அவர்களிடம் நிலைக்கவில்லை. முன்னே ஆடிவந்த 'காண்டெலோரா'க்கள் அவற்றைப் பறித்துக்கொண்டன. இவை பொன்முலாம் பூசிய சிற்பங்களும் பூக்களும் கொடிகளும் அடுக்கிய மரக் கோபுரங்கள். நடுவே பெரிய மெழுகுதிரி நின்ற காலத்தின் பெயரே இன்றும் வழங்குகிறது. பெரும்பாலானவை ஒவ்வொரு தொழிலாரைச் சேர்ந்தவை: மீன் விற்போர், இறைச்சி விற்போர், காய்கனி விற்போர், மாவுப் பண்டம் செய்வோர், திராட்சை மது விற்போர். நானூறு கிலோவுக்குக் குறையாத அந்தச் சுமையைத் தோளில் தாங்கிய ஆட்கள் சும்மா நடப்பதில்லை; இசைக்கேற்ப இடுப்பை ஒடித்து ஒடித்து, கோபுரம் தொட்டிலைப் போல ஆடும்படி நடக்கிறார்கள். எல்லாவற்றிலும் கனமானது ரொட்டி சுடுவோரின் கோபுரம். அதை மற்றவற்றின் 'தாய்' என்று அழைக்கிறார்கள்.

ரொட்டி சுடுவோருக்கும் ஆகத்தாவுக்கும் என்ன உறவு என்று கேட்டால் பலரும் ஓவியங்களைக் காட்டுகிறார்கள். ஆகத்தாவை வரைந்த ஓவியர்கள், அவளுடைய இரு மார்புகளையும் ஒரு தட்டில் வைத்து அவளே ஏந்தியிருப்பதாக வரைவது வழக்கம். எழுத்தறியாத மக்கள் தொலைவிலிருந்து அவற்றை இரண்டு அப்பங்கள் என்று கண்டார்கள். சிலர் இரண்டு மணிகள் என்று கண்டார்கள். அப்பம் சுடுவோரும் ஆலயமணி வார்ப்போரும் அவளைத் தங்களுடையவளாக்கிக்கொண்டது அப்படித்தான் என்பது பரவலான விளக்கம். சுவிட்சர்லாந்தில் பிப்ரவரி 5 அன்று மந்திரித்த 'ஆகத்தா அப்பம்' வீட்டைத் தீயிலிருந்து காக்கும் என்று நம்புகிறார்கள். ஒரு பார்வைப் பிழையிலிருந்து பிறந்த பக்தி என்று சிலர் இதைத் தள்ளிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண்ணின் மார்பில் உணவைக் கண்டவர்களின் கண் பிழைபட்ட கண் என்று நான் நினைக்கவில்லை.

இந்த எண்ணம் வருவதற்கு முன் நான் ஒரு கடை வாசலில் திகைத்து நின்றேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் வரிசை வரிசையாக, பாலாடைக் கட்டியை உள்ளே வைத்து, வெள்ளைச் சர்க்கரைப் பாகு போர்த்தி, உச்சியில் ஒரு சிவந்த செர்ரிப் பழம் பதித்த அரைக்கோளப் பலகாரங்கள். 'ஆகத்தாவின் மார்புகள்' என்பதே அவற்றின் பெயர், இரண்டிரண்டாகத்தான் கொடுக்கிறார்கள். பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லியே வாங்கிக் கொடுத்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. பக்கத்தில் இருந்த, பச்சை நிற ஒலிவக் காய் வடிவ வாதுமைப் பலகாரத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். அதற்கும் ஒரு கதை உண்டு: வீரர்கள் துரத்தியபோது ஆகத்தா செருப்பின் வாரைக் கட்டக் குனிந்த இடத்தில் ஓர் ஒலிவ மரம் முளைத்து அவளை மறைத்ததாம்.

மூன்றாம் நாள், பிப்ரவரி 4

விடியுமுன்பே பேராலயம் நிரம்பிவிட்டது. ஆண்களும் பெண்களும் சிறுவரும் 'சாக்கோ' எனப்படும் வெள்ளை அங்கியும், கறுப்பு வெல்வெட் தொப்பியும், வெள்ளைக் கையுறையும் அணிந்து, கையில் வெள்ளைக் கைக்குட்டையோடு நின்றார்கள். புனிதையின் திருப்பண்டங்கள், அதாவது அவளுடைய உடலின் எச்சங்களும் முக்காடும், வைத்திருக்கும் சிற்றறையின் இரும்புக் கதவுக்கு மூன்று சாவிகள். மூன்றும் மூவர் கையில் இருக்கின்றன, மூவரும் கூடினால்தான் கதவு திறக்கும். கதவு திறந்து அவளுடைய சுரூபத்தின் முகம் வெளிப்பட்டதும் எழுந்த ஒலியை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பக்கத்திலிருந்த முதியவர் ஒருவர், வெளிநாட்டிலிருந்து திரும்பிய மகளைப் பார்ப்பவரைப் போல அழுதார். ஊரார் அவளைச் 'சாந்துஸ்ஸா', அதாவது 'நம் குட்டிப் புனிதை' என்று அழைப்பது எனக்கு அப்போதுதான் பொருள்பட்டது.

வெள்ளியில் வார்த்துப் பொன்முலாமும் வண்ணமும் இட்ட அந்த மார்பளவுச் சுரூபம் 1376ஆம் ஆண்டு சியன்னா நகரப் பொற்கொல்லர் ஜொவான்னி தி பர்த்தோலோ செய்தது. அதனுள்ளேதான் புனிதையின் மண்டையோடு இருக்கிறது. ஆறு நூற்றாண்டுகளாக மக்கள் சாத்திய நகைகள் அடியிலிருக்கும் உலோகம் தெரியாதபடி அதை மூடியிருக்கின்றன. தலையிலிருக்கும் கிரீடம் இங்கிலாந்தின் மன்னர் ரிச்சர்டு அளித்தது என்பது மரபு. இவ்வூரில் பிறந்த இசைமேதை பெல்லினிக்குக் கிடைத்த பிரெஞ்சு அரசின் பதக்கமும் அந்த மார்பில் தொங்குகிறது.

சுரூபத்தை ஏற்றிய வெள்ளித் தேர் நூறு மீட்டருக்கும் நீண்ட இரு வடங்களால் இழுக்கப்படுகிறது. வடம் என்று எழுதும்போதே எங்கள் ஊர்ப் பனிமய மாதாவின் பொன் தேரும், வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கைகளும் நினைவுக்கு வருகின்றன. "நாமெல்லாரும் பக்தர்கள்தானே?" என்று ஒருவர் குரலெடுக்க, "ஆமாம், ஆமாம்! நகரத்தாரே, புனித ஆகத்தா வாழ்க!" என்று தெரு பதில் சொல்லிற்று. தேரின் இன்றைய பாதை, பழைய மதிலை ஒட்டி, அவளுடைய பாடுகளின் இடங்களைத் தொட்டுச் செல்வது. இன்று தேருக்கு மறைசாட்சியத்தை, அதாவது விசுவாசத்துக்காக உயிர்கொடுத்ததை, குறிக்கும் இளஞ்சிவப்புப் பூக்கள். நாளை கன்னிமையைக் குறிக்கும் வெள்ளைப் பூக்கள்.

தேர் துறைமுகப் பக்கம் போயிருந்த நேரத்தில் நான் 'சிறையின் புனித ஆகத்தா' ஆலயத்துக்குப் போனேன். பலிபீடத்துக்கு மேலே பெர்னார்தினோ நீகெர் 1588இல் வரைந்த மறைசாட்சியக் காட்சி இருக்கிறது. பக்கவாட்டில், உரோமையர் காலத்தில் கல்லால் கட்டிய அறை ஒன்று. வெளிச்சம் குறைந்த அந்தச் சிறிய கூடத்தில்தான் அவளை அடைத்திருந்தார்கள் என்கிறது மரபு. எரிமலைக் கல்லொன்றில் பதிந்த இரு பாதங்களை அவளுடையவை என்று காட்டுகிறார்கள். அங்கிருந்த பலகையில் அமர்ந்து, சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் அரைகுறையாகக் கேட்ட கதையை முழுதாக மனத்தில் ஓட்டினேன்.

காலம் 251, உரோமைப் பேரரசர் தேசியுவின் ஆட்சி. தேவர்களுக்குப் பலியிட எல்லாருக்கும் ஆணை பிறந்திருந்தது. சிசிலியின் ஆளுநன் குயிந்தியானு, கடவுளுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்திருந்த இந்தச் செல்வக் குடும்பத்துப் பெண்ணை விரும்பினான். அவள் மறுக்கவே, ஆணையைக் காரணமாக்கிப் பிடித்தான். அப்ரோதிசியா என்பவளின் பரத்தை வீட்டில் ஒரு மாதம் அடைத்து வைத்தும் அவள் மனம் மாறவில்லை. அவளுடைய மார்பைக் குறடால் திருகி அறுக்கும்படி அவன் கட்டளையிட்டபோது, அவள் சொன்னதாகப் பழைய பாடுகளின் வரலாறு பதிவுசெய்திருக்கும் சொல் இது: உன் தாயிடம் நீ எதிலே பால் குடித்தாயோ, அதையே ஒரு பெண்ணிடத்தில் அறுக்க உனக்கு வெட்கமாயில்லையா?

அன்றிரவு மருந்தோடு ஒரு முதியவர் சிறைக்குள் வந்தார். முன்னே ஒரு சிறுவன் விளக்கேந்தி வந்தான். உடலுக்கு மருந்திட்டுப் பழக்கமில்லை என்று அவள் மறுத்தாள். நானும் கிறிஸ்தவன்தான், வெட்கப்படாதே என்றார் முதியவர். நான் எதற்காக வெட்கப்பட வேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். பிறகுதான், தாம் திருத்தூதர் பேதுரு என்று வெளிப்படுத்தி, அவர் மறைந்தார், காயங்கள் ஆறியிருந்தன. பின்னர் உடைந்த ஓடுகள்மேலும் தணல்மேலும் உருட்டப்பட்டு, அந்நேரம் நிலம் நடுங்க, மீண்டும் சிறைக்குக் கொண்டுவரப்பட்டு, பிப்ரவரி 5 அன்று இறந்தாள்.

இந்த வரலாறு அவள் இறந்து பல தலைமுறைகளுக்குப் பின் எழுதப்பட்டது. அதன் ஒவ்வொரு வரியையும் வரலாற்றறிஞர்கள் ஏற்பதில்லை. ஆனால் அவளுக்குரிய வணக்கம் மிகப் பழையது. உரோமைத் திருப்பலியின் நற்கருணை மன்றாட்டில் பெயர் சொல்லப்படும் சில பெண்களில் அவள் ஒருத்தி. இத்தாலியின் ராவென்னா நகரிலுள்ள 6ஆம் நூற்றாண்டுக் கல்பதிப்புச் சித்திரத்தில் கன்னியர் வரிசையில் நிற்கிறாள். எனக்கு இன்று முக்கியமாகப் பட்டது வேறொன்று. வெட்கம் என்ற சொல் இக்கதையில் இரண்டு முறை வருகிறது. முதல் முறை அவள் அதை அறுத்தவன்மேல் எறிகிறாள். இரண்டாம் முறை, தன்மேல் விழ வந்ததை வாங்க மறுக்கிறாள். காயம் பட்டவளுக்கு அதில் வெட்கப்பட எதுவுமில்லை என்று இந்த நகரம் பல நூற்றாண்டுகளாகத் தெருவில் நின்று கத்துகிறது. அந்த எட்டு மாதங்களை நினைத்து, அந்தச் சிறையறையில் நான் நெடுநேரம் அழுதேன்.

நான்காம் நாள், பிப்ரவரி 5

காலையில் பேராயர் தலைமையில் ஆடம்பரத் திருப்பலி. அதன்பின் பேராலயத்தைச் சுற்றிப் பார்த்தேன். 11ஆம் நூற்றாண்டில் நார்மானியத் தலைவர் ரோஜர் எழுப்பிய இந்த ஆலயம், 1693 ஜனவரி 11 அன்று தென்கிழக்குச் சிசிலியைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்தில் பெரும்பாலும் இடிந்தது. கரிய எரிமலைக் கல்லாலான பின்புறச் சுவர்கள் மட்டும் பழைய நிலையில் நிற்கின்றன. முகப்பு, 18ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வக்கரீனி வடித்தது.

சிற்றறையில் இருக்கும் திருப்பண்டங்களில் ஊரார் மிகுந்த அச்சத்தோடு பேசுவது அவளுடைய சிவந்த முக்காட்டைப் பற்றி. அவள் இறந்து ஓராண்டு நிறைந்தபோது, 252இல், எட்னா வெடித்தது. கிறிஸ்தவர் அல்லாதவர்களும் சேர்ந்து ஓடி, கல்லறைமேலிருந்த முக்காட்டை எடுத்துத் தீக்குழம்பின் முன் பிடித்தார்கள் என்றும், அவளுடைய நினைவு நாளில் அது நின்றது என்றும் மரபு கூறுகிறது. கத்தானியா அவளைப் பாதுகாவலியாகக் கொண்டது அன்று தொடங்கித்தான். முக்காடு ஒவ்வொரு முறையும் ஊரை முழுதாகக் காத்தது என்று சொல்ல முடியாது. 1669இல் தீக்குழம்பு மதிலைத் தாண்டி, ஊர்சீனோ கோட்டையைச் சூழ்ந்து, கடலுக்குள் இறங்கிற்று. 1886இல் பேராயர் துஸ்மெத் முக்காட்டை ஏந்தி மலைச்சரிவிலுள்ள நிக்கொலோசி ஊருக்கு நடந்தார். ஊரின் விளிம்புக்குச் சற்று முன்னே குழம்பு நின்றது. நின்றதையும் நிற்காததையும் இங்குள்ளவர்கள் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். அதனால் அவர்களுடைய பற்று குறைந்ததாகத் தெரியவில்லை.

தீயிலிருந்தும் நிலநடுக்கத்திலிருந்தும் காப்பவள் என்பது இப்படி வந்தது. மார்பக நோயுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் உரியவள் என்பது காயத்திலிருந்தே வந்தது. மால்டாவிலும், 1740இல் இதே நாளில் அந்நியப் பிடியிலிருந்து மீண்ட சான் மரீனோவிலும் அவள் பாதுகாவலியருள் ஒருத்தி. ஸ்பெயினின் சமர்ரமாலா என்னும் சிற்றூரில் அவளுடைய விழாவில் பெண்கள் ஊராட்சியைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

மாலையில் பெரியம்மாவுக்கான திரியை வாங்கப் போனேன். பக்தர்கள் தோளில் சுமந்த திரிகள் ஆளுயரமும் ஆளின் பருமனுமாக இருந்தன. நேர்ச்சையின் அளவுக்கேற்ப எடை. தலையில் துணி கட்டிய ஒரு பெண், முடி உதிர்ந்திருந்ததால் அவளுடைய நோயை நான் ஊகித்தேன், தன் கணவனின் உதவியையும் விலக்கிவிட்டுத் தன் திரியைத் தானே சுமந்தாள். நான் கைக்கடக்கமான ஒன்றை வாங்கி, பெரியம்மாவின் பெயரைச் சொல்லி ஏற்றினேன். மெழுகு எங்கும் வழிந்து கல்தரை வழுக்கியது. மரத்தூளைத் தூவிக்கொண்டே போனார்கள்.

வெள்ளை அங்கிக்கும் ஒரு கதையுண்டு. 1040இல் பைசாந்தியத் தளபதி மனியாக்கேசு புனிதையின் உடலைக் கான்ஸ்டான்டிநோபிளுக்கு எடுத்துச் சென்றுவிட்டார். எண்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், கிஸ்ல்பெர்த், கொசெலீன் என்னும் இரு வீரர்கள் அதை இரவில் கவர்ந்து, அம்புறாத் தூணிகளில் மறைத்துக் கொண்டுவந்தார்கள். 1126 ஆகஸ்டு 17 அன்று அவள் திரும்பினாள். செய்தி கேட்டவர்கள் உறக்கத்திலிருந்து எழுந்த இரவு உடையோடே கடற்கரைக்கு ஓடினார்கள், அந்த இரவு உடைதான் இந்த வெள்ளை அங்கி என்று மக்கள் சொல்கிறார்கள். இப்பயணத்தைப் பற்றி இத்தாலியின் தென்கோடியிலுள்ள கல்லிப்போலி நகரமும் ஒரு கதை வைத்திருக்கிறது. வழியில் தங்கியபோது புனிதையின் ஒரு மார்பு கரையில் தவறி விழுந்துவிட, தாயருகே இருந்த கைக்குழந்தை ஒன்று அதைக் கண்டு பால் குடிக்கத் தொடங்கியதாம். அந்நகரத்தின் பேராலயம் ஆகத்தாவின் பெயரில் நிற்கிறது. அறுத்தெறிந்த ஓர் உறுப்பு மீண்டும் பால் தருவதாகக் கனவு கண்டவர்கள் பெண்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்பது என் துணிபு.

ஐந்தாம் நாள், பிப்ரவரி 6

நள்ளிரவுக்குப் பின்னும் யாரும் வீடு திரும்பவில்லை. தேர் எட்னா வீதியில் மலையை நோக்கி ஏறி, போர்கோ பகுதியின் வாணவேடிக்கையைக் கண்டு, மீண்டும் இறங்கி, சான் ஜூலியானோ ஏற்றத்தில் வடம் பிடித்தோர் ஒரே ஓட்டமாக இழுக்க மேலே போயிற்று. குரோச்சீஃபெரி வீதிக்கு அது வந்தபோது பொழுது புலர்ந்திருந்தது. அங்கே, மடத்தை விட்டு வெளியே வராத பெனடிக்ட் சபைக் கன்னியர் கம்பிக்கதவுக்குப் பின்னால் நின்று பாடினார்கள். இரவு முழுதும் கத்திய கூட்டம் ஒரு சொல்லும் இன்றி அடங்கிற்று. குரல்கள் மெலிந்தவை, முதிர்ந்த பெண்களின் குரல்கள்.

தேர் பேராலயத்தை அடைந்து கதவு மூடியபின் பெரியம்மாவை அழைத்தேன். திரி ஏற்றியதைச் சொன்னேன். முகம் எப்படி இருந்தது, என்ன பூ, எவ்வளவு நகை என்று கேட்டார். பிறகு சிறையில் பேதுருவுக்கு அவள் சொன்ன பதிலைச் சொன்னேன். மறுமுனை சற்று நேரம் பேசவில்லை. "அதை இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன். கடைக்குப் போய், இரண்டாம் நாள் விட்டுவந்த அந்தப் பலகாரத்தைப் பெயர் சொல்லிக் கேட்டு, இரண்டு வாங்கி உண்டேன்.

ஆறாம் நாள், பிப்ரவரி 7

தெற்கே சிராகூசாவுக்கு இன்று பேருந்தில் போனேன். அது புனித லூசியாவின் ஊர், ஆனால் லூசியாவின் கதை ஆகத்தாவின் கல்லறையில்தான் தொடங்குகிறது. லூசியாவின் தாய் எயூத்திக்கியா நெடுங்காலம் இரத்தப் போக்கால் துன்புற்றாள். 301இல் மகள் தாயை அழைத்துக்கொண்டு, ஆகத்தாவின் விழா நாளில், கத்தானியாவுக்கு வந்தாள்; இயேசுவின் ஆடையைத் தொட்டு நலமடைந்த பெண்ணின் நற்செய்தி அன்று வாசிக்கப்பட்டது. கல்லறையருகே உறங்கிப்போன லூசியாவின் கனவில் ஆகத்தா வந்து, என்னிடம் ஏன் கேட்கிறாய், உன் தாய்க்கு நீயே தரக்கூடியது அல்லவா என்றாளாம்; தங்கை என்று அவளை அழைத்தாளாம். தாய் நலமடைந்தாள். மகள் தன் சீதனத்தை ஏழைகளுக்குக் கொடுத்தாள். அதில் சினந்து, அவளுக்கு நிச்சயித்திருந்தவன் காட்டிக்கொடுக்க, 304 டிசம்பர் 13 அன்று பேரரசர் தியோக்கிளேசியனின் கொடுமையில் உயிர்நீத்தாள்.

பெண்ணின் உடல்நோய் ஒன்றைச் சுமந்து ஒரு மகள் நடந்துவந்த அதே பாதையின் மறுமுனையில், பிற்பகல் வெயிலில், புனித யோவான் நிலத்தடிக் கல்லறைகளுக்குள் இறங்கினேன். 1894இல் தொல்லியலறிஞர் பாவோலோ ஓர்சி இங்கே ஒரு கிரேக்கக் கல்வெட்டைக் கண்டெடுத்தார். எயூஸ்கியா என்ற இளம்பெண்ணுக்கு அவள் கணவன் வைத்த கல் அது. அவள் 'என் தலைவி லூசியாவின் விழாவில்' இறந்தாள் என்று அதில் பொறித்திருந்தது. லூசியாவின் விழா இவ்வூரில் பழங்காலத்திலேயே கொண்டாடப்பட்டதற்கு அந்தக் கல் சான்று. இருளில் வரிசையாகக் குடைந்த வெற்றுக் கல்லறைகளுக்கிடையே நின்று, அதிலுள்ள 'என்' என்ற சொல்லைப் பலமுறை சொல்லிப் பார்த்தேன்.

இரவு கத்தானியாவுக்குத் திரும்பியபோது எட்னா வீதியில் ஆட்கள் இன்னும் கல்தரையிலிருந்து மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாவின் பெயரில் ஏற்றிய திரியின் மிச்சத்தைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியின் அடியில், துணிகளுக்கிடையே வைத்தேன்.